பள்ளிக்கே வந்து பணம், தொழில், வேலை சொல்லித்தரும் தன்னார்வலர்கள்: இந்தத் திட்டங்கள் எப்படி இயங்குகின்றன? பலன் உண்டா? முழு விவரம்

நூறு ரூபாய்க்கு 3 ரூபாய் வட்டி. ஊரில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் 'மூணு வட்டி' இதுதான். இது வருஷத்துக்கு எத்தனை சதவீதம்?

36 சதவீதம். ஏனென்றால் அந்த 3 ரூபாய் மாதா மாதம் கட்ட வேண்டிய தொகை. 'பத்து வட்டி' என்றால் வருஷத்துக்கு 120 சதவீதம். வாங்கிய கடனைவிட வட்டியே அதிகம்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் தனிவட்டி, கூட்டுவட்டி கணக்கு 7, 8-ம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. மாணவர்கள் சூத்திரம் போட்டு முழு மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் அதே மாணவர் வளர்ந்து கடன் ஆப்பில் 'வெறும் 3 சதவீதம்தான்' என்று வரும்போது, 'மாசத்துக்கா, வருஷத்துக்கா?' என்று கேட்பாரா என்பதுதான் கேள்வி.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பல நாடுகளில் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். வங்கி ஊழியர், கடைக்காரர், நர்ஸ், பொறியாளர், ஓய்வுபெற்ற கணக்காளர் என்று வேலை பார்க்கும் மனிதர்களே தன்னார்வலர்களாக வகுப்பறைக்கு வருகிறார்கள். நிதி அறிவு, தொழில்முனைவு, வேலைக்கான திறன் ஆகிய மூன்றையும் செயல்முறையாகச் சொல்லித் தருகிறார்கள்.

இது எங்கே தொடங்கியது? வகுப்பில் என்ன நடக்கிறது? உண்மையிலேயே பலன் தருகிறதா? விரிவாகப் பார்ப்போம்.

மூன்று பாடங்கள் என்னென்ன?

நிதி அறிவு: வரவு செலவுத் திட்டம், சேமிப்பு, வட்டி, கடன், காப்பீடு, வரி, மோசடியில் சிக்காமல் இருப்பது. 'விரலுக்கேத்த வீக்கம்' என்று பாட்டி சொன்னதைக் கணக்குப் போட்டுக் காட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழில்முனைவு: ஒரு தேவையைக் கண்டுபிடிப்பது, பொருள் தயாரிப்பது, விலை வைப்பது, விற்பது, லாப நஷ்டம் பார்ப்பது. எல்லோரையும் முதலாளி ஆக்குவது இதன் நோக்கமல்ல. ஒரு காரியத்தை எடுத்து முடிக்கும் பழக்கம் வர வேண்டும் என்பதே நோக்கம்.

வேலைத் திறன்: என்னென்ன வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன படிக்க வேண்டும், நேர்காணலில் எப்படிப் பேசுவது, குழுவாக வேலை செய்வது, சொன்ன நேரத்தில் முடிப்பது.

எங்கே தொடங்கியது?

இந்த வகைத் திட்டங்களில் பழமையானதும் பரவலானதும் 'ஜூனியர் அச்சீவ்மென்ட்'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1919-ல் தொடங்கியது.

தொடங்கியவர்கள் மூன்று பேர். ஸ்ட்ராத்மோர் காகித நிறுவனத்தின் ஹொரேஸ் மோசஸ், ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத் தலைவர் தியோடர் வேல், செனட்டர் முர்ரே கிரேன்.

அது முதல் உலகப்போர் முடிந்த காலம். கிராமத்து இளைஞர்கள் விவசாயத்தை விட்டு நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நகரத்துத் தொழிலின் நடைமுறை தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி நேரம் முடிந்த பிறகு நடக்கும் கிளப்புகளாக இது ஆரம்பித்தது. 50 ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நடந்து, 1975-ல்தான் வகுப்பறைக்குள் நுழைந்தது.

இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில், இந்தியா உட்பட, இந்த அமைப்பு இயங்குகிறது. இதே பாணியில் பிரிட்டனில் 'யங் என்டர்பிரைஸ்' என்ற அமைப்பு 1962-ல் உருவானது.

இந்தியாவிலிருந்தே உலகத்துக்குப் போன ஒரு திட்டமும் உண்டு. பெயர் 'அஃப்லாடூன்'. 1991-ல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய முயற்சி இது. குழந்தைகளின் உரிமைகளையும் சேமிப்பையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லித்தருவது இதன் தனித்தன்மை. பின்னர் நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளுக்குப் பரவியது.

'மாணவர் கம்பெனி' எப்படி நடக்கிறது?

ஜூனியர் அச்சீவ்மென்ட்டின் அடையாளமே இந்தக் கம்பெனி திட்டம்தான். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் சேர்ந்து ஒரு சின்ன நிறுவனத்தைத் தொடங்குவார்கள். தலைவர், நிதிப் பொறுப்பாளர், விற்பனைப் பொறுப்பாளர் என்று தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுப்பார்கள். பெற்றோர், ஆசிரியர், நண்பர்களிடம் பங்கு விற்று முதலீடு திரட்டுவார்கள். பொருள் தயாரித்து விற்பார்கள். கல்வியாண்டு முடியும்போது கம்பெனியைக் கலைத்து, பங்குதாரர்களுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். தன்னார்வலர் பக்கத்தில் இருந்து வழிகாட்டுவார். முடிவெடுப்பது மாணவர்கள்.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம்.

50 ரூபாய் வீதம் 100 பங்குகள் விற்றால் முதலீடு 5,000 ரூபாய். ஒரு துணிப்பைக்கு 55 ரூபாய் செலவில் 80 பைகள் தைக்க 4,400 ரூபாய். விளம்பரப் பலகைக்கு 300 ரூபாய். கையில் மிச்சம் 300 ரூபாய்.

ஒரு பை 90 ரூபாய்க்கு 65 பைகள் விற்றால் 5,850 ரூபாய். மீதி 15 பைகளைத் தள்ளுபடியில் 50 ரூபாய்க்குக் கொடுத்தால் 750 ரூபாய். கையிருப்போடு சேர்த்து மொத்தம் 6,900 ரூபாய். வேலை செய்த மாணவர்களுக்குக் கூலி 900 ரூபாய் போனால் மிச்சம் 6,000 ரூபாய். பங்கு ஒன்றுக்கு 60 ரூபாய் கிடைக்கும். அதாவது 50 போட்டவருக்கு 10 ரூபாய் லாபம்.

அதே கம்பெனி 40 பைகள்தான் விற்றது என்றால்? 3,600 ரூபாய் வரவு, கையிருப்பு 300, கூலி 900 போக மிச்சம் 3,000. பங்கு ஒன்றுக்கு 30 ரூபாய்தான். 50 கொடுத்த பக்கத்து வீட்டு மாமாவிடம் போய், 'நஷ்டமாயிடுச்சு மாமா, 30 ரூபாய்தான் தர முடியும்' என்று கணக்கைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

பாடம் இங்கேதான் இருக்கிறது. முதலீடு என்றால் நஷ்டமும் உண்டு, அடுத்தவர் காசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற இரண்டும் அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் அல்ல. எனவே இங்கே மாணவர் கம்பெனி என்பது பள்ளியின் பொறுப்பில் நடக்கும் பயிற்சிதான். பதிவு செய்யப்பட்ட நிறுவனம் அல்ல. பணம் யார் கையில் இருக்கிறது, நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்பதைத் தொடங்கும்போதே பள்ளி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நாள் மட்டும் ஓடும் ஊர்

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வேறு முறை. 'பிஸ்டவுன்' என்ற திட்டத்தில் 10, 11 வயது மாணவர்கள் சில வாரங்கள் வகுப்பில் பாடம் படிக்கிறார்கள். பிறகு ஒரு நாள், கடை, வங்கி, மேயர் அலுவலகம், செய்தி நிறுவனம் எல்லாம் குட்டியாக அமைக்கப்பட்ட ஓர் அரங்கத்துக்குப் போகிறார்கள். அன்று முழுக்க அவர்கள்தான் ஊழியர்கள், அவர்கள்தான் குடிமக்கள். சம்பளம் வரும். அதை வங்கியில் போட வேண்டும். கம்பெனி வாங்கிய கடனை அன்றைக்கே அடைக்க வேண்டும்.

கொஞ்சம் பெரிய மாணவர்களுக்கு 'ஃபைனான்ஸ் பார்க்'. இதில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கற்பனை வாழ்க்கை ஒதுக்கப்படும். வயது, வருமானம், குடும்பம் எல்லாம் அதில் இருக்கும். அந்த வருமானத்துக்குள் ஒரு மாத பட்ஜெட் போட வேண்டும்.

இதை நம்ம ஊர் வகுப்பறையில் நடத்த அரங்கம் எதுவும் வேண்டாம். ஒரு சீட்டு போதும். 'வயது 28. திருமணமானவர். ஒரு குழந்தை. கையில் வரும் சம்பளம் 30,000 ரூபாய்.'

வாடகை 8,000. மளிகை, காய்கறி, பால், கேஸ் 9,000. குழந்தையின் படிப்பு 3,000. பைக் தவணை 3,500. கரண்ட், செல்போன் 1,500. மருத்துவம் 1,500. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 3,000. மொத்தம் 29,500 ரூபாய். மிச்சம் 500.

இந்த நேரத்தில் தன்னார்வலர் அடுத்த சீட்டை நீட்டுவார். 'அக்கா மகளுக்குக் காதுகுத்து. மொய், சீர் வைக்க வேண்டும்.' எதைக் குறைப்பது? கடன் வாங்கினால் அடுத்த மாத பட்ஜெட் என்னாகும்? வகுப்பே விவாதிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் அப்பா ஏன் மாதக் கடைசியில் கோபப்படுகிறார் என்பதும் சிலருக்கு அன்றுதான் புரியும்.

ஆசிரியர் போதாதா? தன்னார்வலர் எதற்கு?

நியாயமான கேள்வி. ஆசிரியருக்குக் கற்பிக்கத் தெரியும், பிள்ளைகளைத் தெரியும். தன்னார்வலருக்கு இந்த இரண்டும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவரிடம் வேறு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, அனுபவம். கடன் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது என்பதை வங்கியில் அந்த மேசையில் உட்கார்ந்தவர் சொன்னால் எடை கூடுதல். கடை போட்டு ஒருமுறை நஷ்டப்பட்டவர் சொல்லும் கதையை மாணவர்கள் மறப்பதில்லை.

இரண்டு, அறிமுகம். முதல் தலைமுறையாகப் படிக்கும் மாணவருக்கு டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ் தவிர வேறு வேலைகளைச் செய்யும் ஒருவரை நேரில் பார்க்கும் வாய்ப்பே குறைவு. லேப் டெக்னீஷியன், நில அளவையர், மென்பொருள் சோதனையாளர், குளிர்சாதன மெக்கானிக் என்று ஒருவர் வந்து 'நானும் உங்களை மாதிரி அரசுப் பள்ளியில்தான் படிச்சேன்' என்று சொல்வதன் பலன் வேறு.

ஆக, ஆசிரியருக்குப் பதிலாகத் தன்னார்வலர் என்பதல்ல இந்த முறை. நன்றாக நடக்கும் திட்டங்களில் பாடத்திட்டம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும், தன்னார்வலருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கும், ஆசிரியர் வகுப்பிலேயே இருப்பார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'சொல்லிக்கொடுத்தால் எல்லாம் மாறிவிடும்' என்று ஆய்வுகள் சொல்லவில்லை.

உலகம் முழுவதும் நடந்த 76 கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. நிதிக் கல்வி மக்களின் நிதி அறிவையும் நடைமுறையையும் சராசரியாக மேம்படுத்துகிறது என்பது அதன் முடிவு.

பிரேசிலில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் பெரிய அளவில் ஒரு சோதனை நடந்தது. 2016-ல் முடிவுகள் வெளியாயின. மாணவர்களின் நிதி அறிவு கூடியது, சேமிப்பும் கொஞ்சம் கூடியது. சுவாரசியம் என்னவென்றால், பெற்றோரின் அறிவும் சேமிப்பும்கூட மேம்பட்டன. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த வீட்டுப்பாடம் அப்பா அம்மாவையும் மாற்றியது. அதே சமயம், பொருள் வாங்க வட்டி அதிகமான கடன் வழிகளைப் பயன்படுத்துவதும் அந்த மாணவர்களிடம் கூடியிருந்தது. தெரிந்துகொண்டால் தப்பு செய்ய மாட்டார்கள் என்று நினைத்துவிட முடியாது.

தொழில்முனைவுப் பாடத்தில் முடிவுகள் இன்னும் கலவையானவை. நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் நடந்த மாணவர் கம்பெனி திட்டத்தை 2010-ல் வெளியான ஆய்வு அலசியது. திறன் கூடியதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. சொந்தத் தொழில் தொடங்கும் ஆசை குறைந்தே போயிருந்தது. தொழிலின் கஷ்டம் நேரில் தெரிந்துவிட்டதும் காரணமாக இருக்கலாம்.

அதே நாட்டில் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பு மாணவர்களிடம் வேறொரு திட்டத்தைச் சோதித்தபோது, பாட அறிவு கூடவில்லை. ஆனால் விடாமுயற்சி, துணிந்து இறங்குவது போன்ற குணங்கள் மேம்பட்டன. 2014-ல் இது வெளியானது.

ஸ்வீடனில் உயர்நிலைப் பள்ளியில் கம்பெனி திட்டத்தில் பங்கேற்றவர்களைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். பங்கேற்காத ஒத்த மாணவர்களைவிட அவர்கள் தொழில் தொடங்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது, தொழிலில் வருமானமும் அதிகம். ஆனால் அந்தத் தொழில்கள் மற்றவர்களுடையதைவிட அதிக காலம் தாக்குப்பிடித்ததாகத் தெரியவில்லை.

கானா சொல்லும் எச்சரிக்கை

நம் நாட்டுக்கு மிக முக்கியமான ஆய்வு ஆப்பிரிக்க நாடான கானாவில் நடந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு இரண்டு விதமாகப் பாடம் நடத்தினார்கள். ஒரு பிரிவுக்குப் பணமும் சேமிப்பும் மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சேமிப்போடு குழந்தை உரிமை, சமூகப் பாடமும் சேர்த்து. இரண்டிலும் பள்ளியிலேயே பூட்டிய உண்டியல் வைத்துச் சேமிப்பு கிளப் நடந்தது.

ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், பள்ளியில் சேமிப்பு கூடியிருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி வீட்டில் வைத்திருந்த காசைப் பள்ளிக்கு மாற்றியதுதான்.

அதைவிட முக்கியம்: பணப் பாடம் மட்டும் படித்த குழந்தைகள், எந்தப் பாடமும் படிக்காதவர்களைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள். உரிமைப் பாடமும் சேர்ந்து படித்தவர்களிடம் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இருந்தாலும் விஷயம் யோசிக்க வைக்கிறது. 'சம்பாதி, சேமி, முதலாளி ஆகு' என்று மட்டுமே சொன்னால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டு எங்கே போகும்? பள்ளி முடிந்ததும் பட்டறைக்குப் போகலாம், கொஞ்ச நாளில் பள்ளிக்கே வராமல் போகலாம். 'இப்போ உன் வேலை படிப்பு' என்ற வரியையும் சேர்த்துச் சொல்லாத பணப் பாடம் ஆபத்தானது.

இந்தியாவில், தமிழ்நாட்டில் என்ன நிலை?

பள்ளியில் சேமிப்பு நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் அரசுப் பள்ளிகளில் 'சஞ்சாயிகா' என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது. சின்ன பாஸ்புக், 1 ரூபாய், 2 ரூபாய் வரவு, கணக்கு எழுதுவது மாணவர்கள். இன்று 40 வயதைக் கடந்த பலருக்கு முதல் 'வங்கிக் கணக்கு' அதுதான்.

இப்போது தேசிய அளவில் நிதிக் கல்விக்கென 'தேசிய நிதிக் கல்வி மையம்' இருக்கிறது. ரிசர்வ் வங்கி, செபி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. பள்ளி மாணவர்களுக்கான பாட நூல்கள், 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கான நிதி அறிவுத் தேர்வு ஆகியவற்றை நடத்துகிறது. இந்த மையம் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில், நாட்டில் போதுமான நிதி அறிவு உள்ள பெரியவர்கள் 27 சதவீதம்தான் என்று தெரியவந்தது. அதாவது நான்கு வீடுகளில் மூன்றில், பிள்ளை கேட்டால் பதில் சொல்லப் பெற்றோருக்கே தெரியாத நிலை.

2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8-ம் வகுப்பு மாணவர்கள் 10 நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்ற உள்ளூர் தொழிலாளர்களிடம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2019-ல் தொழில்முனைவுச் சிந்தனைக்கான பாடத்திட்டம் வந்தது. 2021-ல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்ற பெயரில் 11, 12-ம் வகுப்பு மாணவர்களுக்குத் தலா 2,000 ரூபாய் விதைப் பணம் கொடுத்துத் தொழில் தொடங்கச் செய்தார்கள்.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் 9 முதல் 12-ம் வகுப்பு வரை உயர்கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டல் உண்டு. மாணவர்களின் புதிய யோசனைகளுக்காகப் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டமும் நடக்கிறது.

தன்னார்வலர்களை வைத்து நடத்துவதும் இங்கே சாத்தியம் என்பதற்கு 'இல்லம் தேடிக் கல்வி' சாட்சி. கொரோனா கால கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் தெருவுக்குத் தெரு வகுப்பு எடுத்தார்கள். ஆனால் அது அடிப்படைப் பாடங்களுக்கானது. நிதி, வேலை அறிவுக்கு அந்த அளவில் ஒரு தன்னார்வப் படை இன்னும் உருவாகவில்லை.

ஏன் இப்போது அவசரம்?

முன்பெல்லாம் ஒரு மாணவரின் பணத் தவறு ஒரு ஐஸ்கிரீமோடு முடிந்துவிடும். இப்போது அப்படியில்லை.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவிப்பின்படி, 10 வயது நிரம்பிய சிறார்கள் விரும்பினால் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம். எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஏ.டி.எம். அட்டை, இணைய வசதி கொடுப்பதும் வங்கியின் விருப்பம். இருப்புக்கு மேல் பணம் எடுக்க முடியாது.

இது நல்ல வாய்ப்பு. ஆனால் மோசடிக்காரர்களும் இளைஞர்களின் கணக்குகளைத்தான் குறிவைக்கிறார்கள். 'உன் அக்கவுண்டை மட்டும் கொடு, மாசம் 5,000 தர்றேன்' என்று கேட்டு வாங்கி, ஏமாற்றிய பணத்தை அதன் வழியாக மாற்றுவார்கள். 'மியூல் அக்கவுண்ட்' என்பது இதுதான். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். வழக்கில் பெயர் சேர்ந்தால் அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் சிக்கல்.

பள்ளி முடிப்பதற்குள் ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை:

- பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையில்லை. பின் போடச் சொன்னால், உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.
- வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை, சிம் கார்டு மூன்றையும் யாருக்கும் வாடகைக்கோ இரவலாகவோ கொடுக்கக் கூடாது.
- வட்டி என்றால் 'மாதத்துக்கா, வருஷத்துக்கா' என்று கேட்க வேண்டும். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.
- சீட்டு போடுவதென்றால் அது பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். 1982-ன் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு அவசியம்.
- ஆன்லைன் மோசடியில் பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

எங்கெல்லாம் சிக்கல் வரும்?

முதல் சிக்கல், விற்பனை. 'விழிப்புணர்வு வகுப்பு' என்ற பெயரில் வந்து, கடைசியில் காப்பீட்டுப் படிவத்தையோ, கோச்சிங் சென்டர் நோட்டீஸையோ நீட்டுவது. பெற்றோரின் செல்போன் எண்களைச் சேகரிப்பதும் இதில் அடக்கம்.

இரண்டாவது, ஒருநாள் கூத்து. ஒரு முறை வந்து, பேசி, குரூப் போட்டோ எடுத்துப் போய்விடுவது. ஒரு மணி நேரப் பேச்சு யாருடைய பழக்கத்தையும் மாற்றாது.

மூன்றாவது, வகுப்பறையில் உள்ள ஏழைப் பிள்ளையின் மனசு. 'உங்க வீட்டு மாத வருமானம் எவ்வளவு? அப்பா எவ்வளவு சேமிக்கிறார்?' என்று எல்லோர் முன்னாலும் கேட்பது பெரிய தவறு. கற்பனைக் குடும்பத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 'ஏழையாக இருப்பதற்குக் காரணம் சேமிக்காததுதான்' என்ற தொனி வரவே கூடாது. கூலியே போதாத வீட்டில், குறை பட்ஜெட்டில் இல்லை.

நான்காவது, பாதுகாப்பு. வெளியாள் பள்ளிக்குள் வருகிறார். எனவே அடையாளச் சரிபார்ப்பு வேண்டும். எந்த மாணவரையும் தன்னார்வலர் தனியாகச் சந்திக்கக் கூடாது. மாணவர்களின் எண்ணை வாங்கித் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. தவறு நடந்ததாகத் தெரிந்தால் மறைக்க முடியாது. 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098.

பள்ளியும் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்விகள்

ஓர் அமைப்பு 'உங்கள் பள்ளியில் வகுப்பு எடுக்கிறோம்' என்று வந்தால், கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. எத்தனை வகுப்பு? எத்தனை வாரம்? பாடத்தை முன்கூட்டியே காட்ட முடியுமா?
2. யார் பணம் கொடுக்கிறார்கள்? அந்த நிறுவனத்தின் பொருள் எதுவும் வகுப்பில் பேசப்படுமா?
3. தன்னார்வலருக்கு என்ன பயிற்சி? அவரைச் சரிபார்த்தது யார்?
4. வகுப்பு நேரத்தில் ஆசிரியர் உள்ளே இருப்பாரா?
5. தமிழில் நடத்துவார்களா? உதாரணங்கள் நம் ஊருக்குப் பொருந்துமா?
6. மாணவர்கள் கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்?
7. மாணவர்களின் போட்டோ, தகவல்களை என்ன செய்வார்கள்?

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்றால், அந்த வகுப்பு வேண்டாம்.

நீங்களே தன்னார்வலராகப் போவதென்றால்?

பெரிய படிப்போ பதவியோ தேவையில்லை. டெய்லர் கடை வைத்திருப்பவர் ஒரு பிளவுஸுக்கு எப்படி விலை வைக்கிறார் என்று சொன்னாலே அது தொழில்முனைவுப் பாடம். தலைமை ஆசிரியரை அணுகுங்கள், அல்லது பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகப் பேசுங்கள்.

45 நிமிட வகுப்பு என்றால், முதல் 5 நிமிடம் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். அடுத்த 10 நிமிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். 20 நிமிடம் மாணவர்களைக் குழுவாகப் பிரித்து ஏதாவது செய்ய வையுங்கள். கடைசி 10 நிமிடம் அவர்கள் கேள்வி கேட்கட்டும். நீங்கள் பேசும் நேரம் மாணவர்கள் பேசும் நேரத்தைவிட அதிகமாக இருந்தால், அது வகுப்பு அல்ல, சொற்பொழிவு.

வேலையைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எது பிடிக்காது, முதல் நேர்காணலில் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். அரசுப் பணி மட்டுமே வேலை என்றோ, தொழில் செய்தால்தான் கெட்டிக்காரர் என்றோ சொல்ல வேண்டாம். முடிவெடுக்க வேண்டியது அந்தப் பிள்ளைகள்.

வீட்டிலும் இதைத் தொடங்கலாம். மளிகை லிஸ்டையும் 500 ரூபாயையும் 12 வயதுப் பிள்ளையிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். மீதியை வாங்கும்போது பில்லையும் சேர்த்துப் பாருங்கள். கரண்ட் பில் வரும் நாளில் யூனிட் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். 'காசு விஷயம் பிள்ளைகள் காதில் விழக்கூடாது' என்று மறைத்து வைத்தால், அதை அவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்போவது ஏதோ ஒரு கடன் ஆப்பாக இருக்கும்.